லிபெரா சாட்: ரொப் லெவின் தொடங்கிவைத்த சேவையின் இன்றைய நிலை

லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தையோ பைத்தன் என்ற நிரல் மொழியையோ பழகுகிற ஒருவருக்குச் சந்தேகம் எழுகிற நேரத்தில் கேட்க ஓர் ஆள் வேண்டும். கொழும்பில் வேலை பார்க்கிறவருக்குப் பக்கத்து மேசையிலேயே அந்த ஆள் இருக்கக்கூடும். தலவாக்கலையிலும் நோர்வூட்டிலும் டயகமவிலும் இருந்துகொண்டு பழகுகிறவருக்கு அநேகமாக இல்லை. ஹட்டனில் மாலை வகுப்பொன்றில் உயர்தரம் எழுதிய பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில், அந்தக் குறையை ஓரளவு தீர்க்க நான் அவர்களுக்குக் காட்டிவிடுவது லிபெரா சாட் என்னும் இணைய அரட்டைச் சேவையை. கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை, தொலைபேசி இலக்கம் கேட்பதும் இல்லை. ஆனாலும் எரிச்சலூட்டும் குறைகள் அதில் உண்டு. அந்த நல்லவற்றிலும் குறைகளிலும் பெரும்பகுதி 2006இல் காலமான ரொப் லெவின் என்ற அமெரிக்கரின் வாழ்க்கையோடு சேர்ந்து வந்தவை என்பதால், சேவையை எடைபோடும்போது அந்த மனிதரைப் பற்றியும் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

சேவை எத்தகையது என்பதை முதலில் சொல்லிவிடலாம். லிபெரா சாட் இயங்குவது ஐஆர்சி என்ற பழைய நெறிமுறையில். பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்காரினன் என்பவர் 1988 ஆகஸ்டில் அதன் முதல் நிரலை எழுதினார். 1993 மே மாதத்தில் அதன் விதிகள் ஆர்எஃப்சி 1459 என்ற ஆவணமாக வெளிவந்தன. உலகின் பல இடங்களில் உள்ள சேர்வர்கள் கிளைகிளையாக ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஏதேனும் ஒன்றில் நாம் நுழைந்தால் எல்லாவற்றிலும் இருப்பவர்களோடு பேசலாம். பேச்சு, சானல்கள் எனப்படும் தலைப்புவாரியான அரட்டை அறைகளில் நடக்கும். படம் இல்லை, குரல் இல்லை, வீடியோ இல்லை; ஒருவர் ஒரு வரி எழுத, அது அந்தச் சானலில் அப்போது இருக்கும் எல்லோருடைய திரையிலும் தோன்றும், அவ்வளவுதான். 1988இல் புதுமையாக இருந்தது இன்று வறுமையாகத் தோன்றலாம். எங்கள் பக்கத்தில் அந்த வறுமையே இதற்குச் சாதகமாகிவிடுகிறது.

மலைச்சரிவில் இருக்கும் தோட்டக் குடியிருப்புகளில் சிக்னல் எப்படியிருக்கும் என்பதை அங்கே வசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. லயத்தின் முன்வாசலில் இரண்டு கோடு காட்டும் தொலைபேசி, உள்ளே அடுப்பங்கரைக்கு வந்ததும் ஒன்றும் காட்டாது. மழைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். வீடியோப் பாடம் சுற்றிக்கொண்டே நிற்கிற அதே நேரத்தில் ஐஆர்சி வரிகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருப்பதை என் மாணவர்கள் பலரும் கண்டிருக்கிறார்கள். ஒரு வரி என்பது சில நூறு பைட்டுகள் மட்டுமே. நடுத்தரப் பரபரப்புள்ள ஒரு சானலில் மாலை முழுவதும் இருந்தாலும், வட்ஸ்அப்பில் அத்தை அனுப்பும் 'காலை வணக்கம்' படங்கள் சிலவற்றின் அளவைத் தாண்டுவது அரிது. ரீலோட் போட்ட டேட்டா மாதக் கடைசிவரை வரவேண்டும் என்று கணக்குப் பார்க்கிற வீட்டில் இது சிறிய விஷயமல்ல.

நேரமும் நமக்கு இசைவாகவே அமைகிறது. இங்கே மாலை ஏழு மணி என்பது ஐரோப்பாவில் மதிய உணவு முடிந்து வேலைக்குத் திரும்பும் வேளை. நாம் படுக்கப்போகிற நேரத்தில் அமெரிக்கர்கள் எழுந்து வந்துவிடுவார்கள். கொழுந்து நிறுத்து, வேலை முடித்து, சமைத்து, பிறகு கணினியைத் திறக்கிற ஒருவருக்குச் சானல்கள் நிரம்பியிருக்கும் நேரமே வாய்க்கிறது.

இனி லெவினுக்கு வருகிறேன். 1955இல் பிறந்தவர், தொழிலால் நிரலாளர், இணையத்தில் 'லிலோ' என்ற பெயரால் அறியப்பட்டவர். 1990களின் நடுப்பகுதியில் லினக்ஸ் என்பது நிறுவிக்கொள்வதற்கே பெரும்பாடு பட வேண்டியிருந்த ஒரு பொருள். லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் கருவை வெளியிட்டு மூன்று நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. கைநூல்கள் குறைவு, தெரிந்தவர்கள் சிதறிக் கிடந்தார்கள். அந்தச் சூழலில் லின்பீப்பிள் என்ற பெயரில், நான்கே பேருடன், லினக்ஸில் தடுக்கி விழுகிறவர்களுக்குக் கைகொடுக்கும் சானல் ஒன்று ஈஎஃப்நெட் என்ற வலையமைப்பில் தொடங்கப்பட்டது. அங்கிருந்து அது அண்டர்நெட்டுக்கும், பின்னர் டால்நெட்டுக்கும் குடிபெயர்ந்து, 1995 அளவில் சொந்தமாகவே ஒரு சேர்வரை வைத்துக்கொண்டது. 1998இல் ஓப்பன் புரொஜெக்ட்ஸ் நெட் என்று பெயர் மாறியபோது சுமார் 200 பேர்தான் இருந்தார்கள், சானல்கள் 20ஐக்கூட எட்டவில்லை. 2002இல் அந்த வலையமைப்பு ஃப்ரீநோட் என்ற பெயரைப் பெற்றது. அதே ஆண்டில் அதைப் பராமரிப்பதற்கென்று பியர் டைரக்டட் புரொஜெக்ட்ஸ் சென்டர் என்ற இலாப நோக்கற்ற அமைப்பையும் லெவின் நிறுவினார்.

அக்காலத்துப் பெரிய அரட்டை வலையமைப்புகளில் சானலைக் கைப்பற்றுவதே ஒரு விளையாட்டாக இருந்தது. இணைப்பு அறுந்து சேர்வர்கள் பிரிந்து நிற்கும் சில நிமிடங்களைப் பயன்படுத்தி யாரோ ஒருவர் அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, உண்மையான உரிமையாளர்களை வெளியே தள்ளிவிடுவார். மென்பொருள் எழுதுகிறவர்கள் கூடி வேலை செய்யவேண்டிய இடம் அப்படி இருக்கக்கூடாது என்பது லெவினின் பிடிவாதம். சானலின் பெயர் அந்தத் திட்டத்துக்கே உரியது என்று ஃப்ரீநோட்டில் விதி வகுக்கப்பட்டது. சானலிலிருந்து ஒருவரை வெளியேற்றுவது போன்ற ஒப்பரேட்டர் அதிகாரத்தை எந்நேரமும் அணிந்துகொண்டு திரியாமல், தேவைப்படும்போது மட்டும் எடுத்துப் பயன்படுத்தி உடனே களைந்துவிட வேண்டும் என்று வலியுறுத்தப்பட்டது. வாக்குவாதம் முற்றும்போது யாரையும் வெளியேற்றாமல், பேசிப்பேசியே சூட்டைத் தணிக்கிறவர்களுக்கு 'வினையூக்கிகள்' என்று பெயர் கொடுத்து அதற்கென வழிகாட்டியும் எழுதப்பட்டது. இன்று லிபெரா சாட்டில் நுழைகிற ஒருவர் அங்கே நிலவும் ஓரளவு நிதானத்தைக் கண்டு வியந்தால், அந்த நிதானம் தானாக வந்ததல்ல என்பதை நினைவில் கொள்ளலாம். ஒரு # குறியோடு தொடங்கும் சானல்கள் உண்மையான மென்பொருள் திட்டங்களுக்கு, இரண்டு ## குறிகளோடு தொடங்குபவை பொதுவான பேச்சுக்கு என்ற ஏற்பாடும் ஃப்ரீநோட் காலத்தது. பயனுள்ளது என்பதால் லிபெராவும் அதை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த மனிதரின் வாழ்க்கையில் சிக்கலான பகுதி பணம். வலையமைப்பை நடத்துவதையே தம் முழுநேர வேலையாக்கிக்கொண்ட லெவின், தாமும் குடும்பமும் வாழ்வதற்கும் அமைப்பு நடப்பதற்கும் பயனாளர்களிடமே நன்கொடை கேட்டார். கேட்ட விதம் எல்லோருடைய திரையிலும் ஒரே நேரத்தில் தோன்றும் பொது அறிவிப்பாக இருந்தது. நிரல் ஒன்றில் ஆழ்ந்திருக்கும்போது நடுவில் வந்து விழும் அந்த வரிகள் பலருக்கு வெறுப்பூட்டின. யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருளின் பெயரால் ஒருவர் சம்பளம் வாங்குவதா என்றும் கேட்டார்கள். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு லயம் லயமாகப் போய்ப் பணம் சேர்க்கிறவர் வாங்கிக்கட்டிக்கொள்கிற பேச்சு எப்படியோ, ஏறக்குறைய அதே பேச்சைத்தான் அவரும் வாங்கினார்: தேர் மட்டும் எல்லோருக்கும் வேண்டும், சிட்டைப் புத்தகத்தோடு வாசலில் நிற்கிறவரை யாருக்கும் பிடிக்காது.

ஆனால் அவரை எதிர்த்தவர்கள் எல்லோரும் கஞ்சர்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரே மனிதரின் கையில் வலையமைப்பின் எல்லாத் திறவுகோல்களும் இருப்பது சரியல்ல என்பது அவர்களுள் நிதானமானவர்களின் வாதம். அவர்களில் சிலர் 2001இன் இறுதியில் பிரிந்துபோய் ஓஎஃப்டிசி என்ற தனி வலையமைப்பைத் தொடங்கினார்கள். 2006 ஜூனில் லினக்ஸ் வகைகளுள் ஒன்றான டெபியனை உருவாக்கும் திட்டமும் தன் அதிகாரபூர்வமான அரட்டை முகவரியை அங்கே மாற்றிக்கொண்டது. அதே மாதத்தில் வெளியாள் ஒருவர் லெவினின் அதிகாரங்களைத் தம் கைக்குள் கொண்டுவந்து, வலையமைப்பைக் கொஞ்ச நேரம் ஆட்டிப்படைத்த சம்பவமும் நடந்தது. ஒருவரின் கணக்கு கைமாறினால் முழு வீடும் திறந்துகொள்கிறது என்ற அந்தப் பழைய எச்சரிக்கைக்கு இதைவிடச் சான்று தேவையில்லை. என் கணிப்பில், அவரைத் தனிப்பட்ட முறையில் கேலி செய்தவர்கள் நியாயமற்றவர்கள். அமைப்பின் வடிவத்தைக் குறைகூறியவர்கள் நியாயமானவர்கள். இரு சாராரும் ஒரே சானலில் ஒரே குரலில் பேசியதால், அவரால் அவர்களைப் பிரித்துப் பார்க்க முடிந்திருக்காது.

2006 செப்டெம்பர் 12ஆம் தேதி அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த லெவினை வாகனம் ஒன்று மோதியது. நான்கு நாட்கள் கழித்து, 16ஆம் தேதி, மருத்துவமனையில் இறந்தார். ஐம்பது வயது. அவர் கட்டிய வலையமைப்பு நிற்கவில்லை; தொண்டர்கள் பொறுப்பேற்று நடத்தினார்கள், அது உலகின் மிகப்பெரிய ஐஆர்சி வலையமைப்பாகவும் வளர்ந்தது. உபுண்டு, விக்கிமீடியா, பைத்தன், ஃபெடோரா என்று பெயர் சொல்லத்தக்க திட்டங்களில் பெரும்பாலானவை அங்கே இருந்தன. நம் நாட்டோடும் அதற்கு ஒரு தொடர்பு உண்டு. 2004 டிசம்பர் சுனாமியில் காணாமற்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிந்து கண்காணிப்பதற்கு இலங்கையின் தொண்டர்கள் எழுதத் தொடங்கிய சஹானா என்ற கட்டற்ற மென்பொருள், சமூகப் பயன்பாட்டுக்காகக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருதை 2006ஆம் ஆண்டுக்குப் பெற்றது. அதை எழுதியவர்களும் ஃப்ரீநோட்டில் சானல் வைத்துப் பேசிக்கொண்டவர்களே. இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

லெவின் தீர்க்காமல் விட்டுப்போன கேள்வி, அதாவது இந்த வலையமைப்பு உண்மையில் யாருக்குச் சொந்தம் என்பது, அவர் மறைந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வெடித்தது. அவர் நிறுவிய அமைப்பு 2013இல் கலைக்கப்பட்டிருந்தது. 2017இல் ஃப்ரீநோட்டின் பெயரில் இருந்த கம்பனி, ஆண்ட்ரூ லீ என்ற தொழிலதிபரின் பக்கம் போனது. சேர்வர்களும் பெயரும் தமக்கே உரியவை என்று 2021இல் அவர் நின்றபோது, அதை ஏற்காத தொண்டர்கள் அவ்வாண்டு மே 19 அன்று கூட்டாக விலகி, அன்றே லிபெரா சாட்டைத் திறந்தார்கள். ஒரு வாரம் கழித்து, லிபெராவின் பெயரைத் தலைப்பு வரியில் குறிப்பிட்டிருந்த நூற்றுக்கணக்கான சானல்களை ஃப்ரீநோட்டின் புதிய நிர்வாகம் தன்வசப்படுத்தியது. சானல் கைப்பற்றப்படக்கூடாது என்ற ஒரே எண்ணத்தில் எழுப்பப்பட்ட இடத்தில் நடந்த காரியம் இது. அடுத்த மாதம் பழைய பதிவுகள் எவையும் இல்லாமல் ஃப்ரீநோட் புதிய சேர்வருக்கு மாறியது. ஆண்டுக்கணக்கில் பேணிய பெயர்களை மக்கள் அங்கே இழந்தார்கள். விக்கிமீடியா, உபுண்டு, ஜென்டூ முதலியவை அதற்குள் லிபெராவுக்கு வந்துவிட்டிருந்தன.

லிபெரா சாட் சுவீடனில் பதிந்த இலாப நோக்கற்ற சங்கம். அதை நடத்தும் தொண்டர்களே அதன் உறுப்பினர்கள்; வாக்கும் அவர்களுக்கே. சங்க விதிகள் பொதுவில் வைக்கப்பட்டிருக்கின்றன, சேர்வர்களை ஆதரவு நிறுவனங்கள் கொடுத்து உதவுகின்றன. ஒரு மனிதரோ ஒரு கம்பனியோ ஒரு காலையில் எழுந்து எல்லாவற்றையும் தமதாக்கிக்கொள்ள முடியாத ஏற்பாடு இது. லெவினின் விமர்சகர்கள் கேட்டது அவர் இறந்து இத்தனை காலத்துக்குப் பின்னர் அவருடைய வழிவந்தவர்களாலேயே நிறைவேறியிருக்கிறது. இந்தச் சேவையை நான் நம்பிப் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் அதுதான். நாளைக்கு மூடிவிடுவார்களோ, திடீரென்று காசு கேட்பார்களோ, நம் பேச்சை யாருக்கும் விற்பார்களோ என்ற சந்தேகங்கள் மற்றச் சேவைகளில் எழுகிற அளவுக்கு இதில் எழுவதில்லை.

பயன்பாட்டில் எப்படி இருக்கிறது என்பதற்கு வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மாணவர் பெயர்ப் பட்டியல்கள் கொண்ட கோப்புகளை வரிசையாக எடுத்து வேலை செய்யும் பாஷ் என்ற லினக்ஸ் கட்டளை மொழியில் சிறிய நிரல் ஒன்றை எழுதிய பையன், சில கோப்புகளை மட்டும் அது கண்டுபிடிக்க மறுப்பதைப் பார்த்துப் பாஷ் சானலுக்குப் போனான். 'யாராவது உதவ முடியுமா' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டுக் காத்திருந்தான். பதில் இல்லை. பொறுமையிழந்து, திரையில் வந்த பிழைச் செய்திகள் முழுவதையும் அப்படியே அள்ளிச் சானலில் கொட்டினான். வெள்ளமாக வரிகள் வந்ததால் சேர்வர் அவன் இணைப்பைத் துண்டித்தது. திரும்ப நுழைந்தபோது இருவர் ஏதோ சுருக்கமாக எழுதியிருந்தார்கள்.

"சேர், என்னைய ஏசுறாங்க போல," என்றான்.

"ஏசல தம்பி. உதவி கேக்கலாமான்னு கேக்க வேணாம், கேள்வியவே நேரா கேளுங்கன்னு சொல்றாங்க. நெறைய வரி இருந்தா வேற எடத்துல ஒட்டிட்டு, லிங்க மட்டும் இங்க குடுக்கச் சொல்றாங்க."

அப்படியே செய்தான். சில நிமிடங்களில் விடை வந்தது: கோப்புப் பெயர்களில் இடைவெளி இருக்கிறது, மாறியை இரட்டை மேற்கோள் குறிக்குள் இடாததால் பாஷ் ஒரு பெயரை இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டிவிடுகிறது, குறிகளை இடுக. கூடவே, கோப்புப் பட்டியலைப் பெறுவதற்கு எல்எஸ் கட்டளையின் வெளியீட்டை ஏன் வாசிக்கிறாய் என்று இன்னொருவர் குறுக்குக் கேள்வி போட்டு, அதைவிடச் சரியான வழியையும் காட்டினார். பையன் கேட்டதைவிட அதிகமாகவே கற்றுக்கொண்டு எழுந்தான். பணிவான முன்னுரையோ நலம் விசாரிப்போ இல்லாத அந்தப் பேச்சு முறை நம் பிள்ளைகளுக்கு முதலில் கடுமையாகப் படும். பெரியவர்களிடம் நேரடியாகக் கேள்வி கேட்டுப் பழகாதவர்கள் அல்லவா. இரண்டு மூன்று முறை அருகில் ஒருவர் இருந்து வாசித்துக் காட்டினால் பயம் தெளிந்துவிடுகிறது. அருகில் யாரும் இல்லாமல் தனியே நுழைகிற பிள்ளை முதல் நாளே ஓடிவிடும் அபாயம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

தமிழில் எழுதுகிறவருக்கு இந்த நெறிமுறை செய்யும் அநியாயம் வேறு வகையானது. ஐஆர்சியில் ஒரு செய்தியின் மொத்த நீளம் 512 பைட்டுகளுக்கு மேல் போகக்கூடாது. அதற்குள்ளேயே அனுப்புநரின் பெயர், முகவரி, கட்டளை, சானலின் பெயர் எல்லாம் அடங்கிவிட வேண்டும். நம் பேச்சுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய நானூறு பைட்டுகள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். யூனிகோடு யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். அதிலும் உயிர்மெய்யின் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். 'மலையகம்' என்று எழுதினால் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஏழு குறியீடு, கம்பியில் 21 பைட். ஆகவே ஆங்கிலேயர் ஒரே வரியில் சொல்வதை நாம் மூன்று வரியாக உடைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல செயலிகள் தாமாகவே உடைத்து அனுப்பிவிடும். அப்போதும் சிலவற்றில் உடைப்பு சொல்லுக்கு நடுவே விழுந்து, மெய் ஒரு வரியிலும் அதன் கொம்பு அடுத்த வரியின் தலையில் புள்ளிவட்டத்தோடும் தொங்கும். இன்னும் சில செயலிகள் மிச்சத்தை வெட்டியே எறிந்துவிடும், வெட்டியதாகச் சொல்லவும் செய்யா. இதற்கு லெவினையோ லிபெராவையோ குறைசொல்ல முடியாது, நெறிமுறையின் வயதுதான் காரணம். எனினும் பயன்படுத்துகிறவருக்கு வலி வலிதான், ஆகவே தமிழ்ப் பிள்ளைகள் தமக்குள் பேசும்போதும் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதிவிட்டுப் போகிறார்கள்.

அடுத்த குறை நினைவில்லாமை. நாம் இணைப்பில் இல்லாதபோது சானலில் பேசப்பட்டது நம்மை வந்து சேராது. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கையில் கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தால், அதன் பின் வந்த பதில் வந்ததுதான், நமக்கில்லை. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாட்களில் இந்தக் குறை தாங்க முடியாததாக இருந்தது. எப்போதும் இணைப்பில் நின்று நமக்காகச் செய்திகளைச் சேர்த்து வைக்கும் பவுன்சர் என்ற இடைநிரலை, வாடகைச் சேர்வர் ஒன்றில் இசட்என்சி போன்ற மென்பொருளைக் கொண்டு நிறுவினால் தீர்வு கிடைக்கும். அதற்கு மாத வாடகை டொலரில். வீட்டிலேயே சிறிய ராஸ்பெரி பை கணினியில் வைக்கலாம் என்றால், வீட்டுக்கு வரும் அதே கரண்ட்தான் அதற்கும். மேட்ரிக்ஸ் என்ற இன்னோர் அரட்டைச் சேவை வழியாக லிபெராவுக்கு வந்து போக இருந்த பாலம் இந்தக் குறையை ஓரளவு மறைத்திருந்தது. அதுவும் 2023இல் மூடப்பட்டுவிட்டது. பேச்சைச் சேமிக்காததால் அந்தரங்கம் காக்கப்படுகிறது என்று ஆதரவாளர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் மழை பெய்தால் கரண்ட் போகிற ஊரில் இருந்து அந்த வாதத்தை முழு மனதோடு ரசிக்க முடியவில்லை.

அந்தரங்கம் பற்றிய பேச்சில் ஓர் எச்சரிக்கையும் சேர வேண்டும். புதிதாக நுழைகிறவரின் இணைய முகவரி சானலில் இருக்கும் எவருக்கும் தெரியக்கூடியது. பெயரைப் பதிந்து, மின்னஞ்சலை உறுதிசெய்து, முகவரியை மறைக்கும் மேலுறை ஒன்றை அதற்கென உள்ள சானலில் கேட்டு வாங்கிக்கொண்டால்தான் அது மறையும். பெண் பிள்ளைகளுக்கு நான் இதை முதல் பாடமாகவே செய்து கொடுக்கிறேன். இணைப்பையும் 6697 என்ற போர்ட்டின் வழியே மறைகுறியாக்கத்தோடுதான் ஏற்படுத்த வேண்டும். பெரும்பாலான புதிய செயலிகள் அதைத் தாமே தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன.

கைப்பேசி இணைப்பிலிருந்து வருகிறவர்களுக்கு மற்றுமொரு தடை வரலாம். நம் சேவை வழங்குநர்கள் ஒரே முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதால், எங்கோ ஒருவர் செய்த குறும்புக்கு அந்த முகவரி வரிசை முழுவதும் கட்டுப்பாட்டுக்கு உள்ளாகும். ஏற்கெனவே பதிந்த கணக்கோடு வந்தால் மட்டுமே அனுமதி என்று சேர்வர் சொல்லும். பதிவதற்கோ முதலில் உள்ளே போக வேண்டும். பாடசாலை இணைப்பிலோ நண்பர் வீட்டு வைஃபையிலோ ஒருமுறை பதிந்துவிட்டு, பின்னர் எஸ்ஏஎஸ்எல் என்ற முறையில் கடவுச்சொல்லோடு நுழையும்படி செயலியை அமைத்துக்கொண்டால் பிரச்சினை தீரும். வழக்கமாகப் பயன்படுத்திய எக்ஸ்சாட் வழிவந்த ஹெக்ஸ்சாட் செயலியின் வளர்ச்சி 2024 பெப்ரவரியில் நிறைவுற்றதாக அதன் ஆக்குநர்கள் அறிவித்துவிட்டதால், கணினியில் வீசாட்டையும், ஒன்றும் நிறுவ முடியாத இடத்தில் லிபெராவே உலாவியில் தரும் பக்கத்தையும் பயன்படுத்தச் சொல்கிறேன்.

டிஸ்கோர்டும் டெலிகிராமும் இருக்க இது எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். படம் பகிர, குரலில் பேச, பழைய பேச்சைத் தேடிப் பார்க்க அவையே வசதி. அவற்றில் தமிழ் வரிகள் உடைவதில்லை. எங்கள் வகுப்பின் சொந்த அறிவித்தல்களுக்கு நாங்களும் வட்ஸ்அப் குழுவையே வைத்திருக்கிறோம். ஆனால் ஒரு மென்பொருளை எழுதியவரே, அல்லது அதைப் பத்து இருபது ஆண்டுகளாகப் பராமரிப்பவரே, தம் வேலைக்கு நடுவே எட்டிப்பார்த்துத் தோட்டத்துப் பையனின் மேற்கோள் குறியைத் திருத்திவிட்டுப் போகிற அனுபவம் எனக்கு வேறெங்கும் இவ்வளவு எளிதாகக் கிடைத்ததில்லை. அத்தகையவர்கள் இன்னும் இங்கே இருப்பதற்குக் காரணம், லெவின் அவர்களுக்கென்று ஓர் இடத்தைக் கட்டி, ஏச்சு வாங்கிக்கொண்டும் அதை மூடாமல் வைத்திருந்தது.

எனவே லினக்ஸ், பைத்தன், வலைத்தள நிரலாக்கம் போன்றவற்றை ஊன்றிக் கற்கிறவர்களுக்கும், ஆங்கிலத்தில் இரண்டு வரி தெளிவாக எழுத முடிந்தவர்களுக்கும், சிக்னல் குறைந்த இடத்தில் இருப்பவர்களுக்கும் இச்சேவையைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன். தமிழில் மட்டுமே கேட்க முடிந்த பிள்ளைக்கு இதில் இப்போதைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆசிரியர் ஒருவர் கேள்வியை மொழிபெயர்த்துக் கொடுத்தால் மட்டுமே பயன். நுழைகிறவர்கள் முதல் மாலையில் ஒன்றும் கேட்காமல், தாம் கற்கும் மொழியின் சானலில் மற்றவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பது நல்லது. பதிவிலோ கடவுச்சொல்லிலோ சிக்கல் வந்தால் லிபெரா என்ற பெயரிலேயே உள்ள உதவிச் சானலில் கேட்கலாம். அங்கே பதில் சொல்கிறவர்கள் சம்பளமில்லாத தொண்டர்கள் என்பதால் உடனே வரவில்லையென்று திரும்பத் திரும்பத் தட்டாமல், இணைப்பை அறுக்காமல், கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும்.